எஞ்சி நிற்பதை எண்ணுங்கள்

(கணினித் துறை மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டேட்டாபேஸில் தகவலைச் சேர்ப்பதற்கும் தேடி எடுப்பதற்கும் நாம் பல வாரம் பாடம் நடத்துகிறோம். நீக்குவதற்கு ஒரு வகுப்போடு முடித்துக்கொள்கிறோம். வேலைக்குப் போன பிறகு உங்களைத் தூங்கவிடாமல் செய்யப்போவது அந்த ஒரு வகுப்புதான். தவறாகத் தேடினால் மறுபடியும் தேடலாம். தவறாகச் சேர்த்தால் திருத்தலாம். தவறாக நீக்கிவிட்டால், எது போனது என்று சொல்வதற்கே ஆள் இருக்காது. போன வரி தான் போனதாக எங்கும் சொல்லாது.

அதனால் இன்று எடுத்துக்கொண்ட பொருள் இது: பல டேபிள்களிலிருந்து ஒரே கட்டளையில் வரிகளை நீக்குகிறோமே, அந்தக் கட்டளையை எப்படிச் சோதிப்பது? ரோ என்று நீங்கள் படிப்பதைத்தான் வரி என்கிறேன். இந்த ஒரு மணி நேரத்தில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நீக்கத்தைச் சோதிப்பவர் போனதை எண்ணினால் போதாது. எஞ்சி நிற்பதை எண்ண வேண்டும்.

நெல்வயலில் களை எடுப்பதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். குதிரைவாலிப் புல் இளம்பருவத்தில் நெற்பயிர் மாதிரியே நிற்கும். வரப்பில் குவிந்த களையை மட்டும் பார்த்து வேலை நன்றாக நடந்தது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். வயலுக்குள் இறங்கி, பயிர் பயிராகவே நிற்கிறதா என்று பார்ப்பார். நம்முடைய தொழிலுக்கும் அந்தக் கண் வேண்டும்.

முதலில், ஒருவருடைய தகவல் ஏன் பல டேபிள்களில் சிதறிக் கிடக்கிறது? கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். தகவல்களை உறவுகளாக, அதாவது டேபிள்களாக, வைத்துக்கொள்ளலாம் என்று அதில் சொன்னார். அந்தப் பணிக்காக 1981-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. ஒரே செய்தியைப் பத்து இடத்தில் எழுதாதே, ஓரிடத்தில் எழுதி மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் குறித்துக்கொள் என்ற ஒழுங்கு அந்த வழியில் வந்ததுதான். முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். இது பெரிய நன்மை. ஆனால் அதே ஒழுங்கினால் ஒரு மனிதர் டேட்டாபேஸில் பல துண்டுகளாக வாழ்கிறார். பெயர் ஒரு டேபிளில், அவர் வாங்கியது இன்னொன்றில், கட்ட வேண்டிய பணம் மூன்றாவதில். அவரை நீக்குவதென்றால் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அது அநாதை வரி. கூடுதலாக ஒன்று போய்விட்டால் அடுத்தவரின் இழப்பு.

எஸ்கியூஎல் தரநிலைப்படி ஒரு டெலீட் கட்டளை ஒரு டேபிளிலிருந்துதான் நீக்கும். மைஎஸ்கியூஎல் தன்னுடைய 4.0 பதிப்பில் இதை விரித்தது. டெலீட் என்ற சொல்லுக்குப் பின் நீக்க வேண்டிய டேபிள்களின் பெயர்களை வரிசையாக எழுதலாம். ஃப்ரம் என்ற சொல்லுக்குப் பின் அவற்றை எப்படி ஜாயின் செய்வது என்று எழுதலாம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜாயினில் ஐந்து டேபிள்கள் இருக்கலாம். ஆனால் டெலீட்டுக்குப் பக்கத்தில் பெயர் எழுதப்பட்ட டேபிள்களிலிருந்துதான் வரிகள் போகும். மற்றவை சாட்சிக்கு வந்தவை. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் யூசிங் என்று எழுதிச் சேர்க்கும் டேபிள்கள் எல்லாமே சாட்சிகள்தாம். நீக்கம் ஒரே டேபிளில்தான் நடக்கும். ஆகவே உங்கள் முதல் சோதனை எளிமையானது. சாட்சிக்கு வந்த டேபிளில் ஒரு வரிகூடக் குறையக் கூடாது. முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள்.

இப்போது ஒரு சிறு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

மூன்று டேபிள்கள்: உறுப்பினர், இரவல், அபராதம். இரவல் வரியில் உறுப்பினர் எண் இருக்கிறது. அபராத வரியில் இரவல் எண் இருக்கிறது. உறுப்பினர் ஐந்து பேர். முத்துவின் சந்தா காலாவதியாகிவிட்டது. அவர் பெயரில் இரண்டு இரவல், அதில் ஒன்றுக்கு மட்டும் அபராதம். செல்வியும் காலாவதி, ஒரு இரவல், அபராதம் இல்லை. ராஜாவும் காலாவதி, அவர் புத்தகமே எடுத்ததில்லை. கனியின் சந்தா நடப்பில் இருக்கிறது. ஒரு இரவல், அதற்கு ஓர் அபராதம். பாத்திமா ஆயுள் உறுப்பினர். அவருடைய காலாவதித் தேதி நல், அதாவது வெறுமை. ஒரு இரவல் இருக்கிறது. ஆக உறுப்பினர் 5, இரவல் 5, அபராதம் 2. மொத்தம் 12 வரிகள்.

காலாவதியான உறுப்பினர்களை அவர்களுடைய இரவல், அபராதப் பதிவுகளோடு நீக்க வேண்டும். சரியான விடை என்ன? உறுப்பினர் 3, இரவல் 3, அபராதம் 1 என 7 வரிகள் போக வேண்டும். கனியும் பாத்திமாவும் அவர்களுடைய இரண்டு இரவல்களும் கனியின் ஓர் அபராதமும், அதாவது 5 வரிகள் நிற்க வேண்டும். கட்டளையை எழுதுவதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள். கட்டளையை ஓட்டிவிட்டு, வந்த விடையைப் பார்த்து அதுதான் சரி என்று மனம் ஒப்புக்கொள்வது மிகச் சுலபம்.

முதல் டெவலப்பர் மூன்று டேபிள்களையும் இன்னர் ஜாயின் போட்டு எழுதுகிறார். நிபந்தனை எழுதும் வேர் பகுதியில் காலாவதித் தேதி. ஓட்டுகிறார். 3 வரிகள் நீக்கப்பட்டன என்று திரையில் வருகிறது. காலாவதியானவர்கள் மூன்று பேர், போனதும் மூன்று வரி, சரியாகிவிட்டது என்று அவர் எழுந்து போய்விடுகிறார். ஆனால் உள்ளே நடந்தது வேறு. இன்னர் ஜாயின் மூன்று டேபிள்களிலும் பொருத்தம் உள்ளவரை மட்டுமே தொடும். அபராதம் உள்ள காலாவதி உறுப்பினர் முத்து ஒருவர்தான். அவருடைய உறுப்பினர் வரி ஒன்று, அபராதம் உள்ள இரவல் ஒன்று, அபராதம் ஒன்று. இந்த மூன்றும்தான் போயின. செல்வியும் ராஜாவும் அப்படியே இருக்கிறார்கள். முத்துவின் இரண்டாவது இரவல், உரியவர் இல்லாமல் அநாதையாக நிற்கிறது. மைஎஸ்கியூஎல் காட்டும் எண் எல்லா டேபிள்களிலும் போனவற்றின் கூட்டுத்தொகை. அந்த ஒற்றை எண்ணை நம்பியவருக்கு மூன்றும் மூன்றும் ஒன்றாகத் தெரிந்துவிட்டன.

இரண்டாவது டெவலப்பர் இதைக் கண்டுபிடித்து, லெஃப்ட் ஜாயினுக்கு மாற்றுகிறார். நல்ல யோசனை. ஆனால் மாற்றும்போது தேதி நிபந்தனையை வேர் பகுதியிலிருந்து எடுத்து, இரவலை இணைக்கும் ஆன் பகுதியில் வைத்துவிடுகிறார். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் லெஃப்ட் ஜாயினில் ஆன் பகுதி இடப்பக்கத்து டேபிளை வடிகட்டாது. பொருத்தம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இடப்பக்கத்து வரிகள் எல்லாம் வந்துவிடும். விளைவு: உறுப்பினர் ஐந்து பேரும் போனார்கள். இரவல் 3, அபராதம் 1. மொத்தம் 9 வரிகள். எஞ்சியவை கனியின் இரவல், பாத்திமாவின் இரவல், கனியின் அபராதம். மூன்றுக்கும் உரிய உறுப்பினர் இல்லை.

இந்த இரண்டாவது தவற்றைப் பிடித்துக் கொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். முத்துவும் செல்வியும் ராஜாவும் பிடித்துக் கொடுக்கமாட்டார்கள். அவர்கள் போக வேண்டியவர்கள், போய்விட்டார்கள். அவர்கள் மூவரை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இந்தக் கட்டளைக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். தவற்றைக் காட்டுபவர்கள் கனியும் பாத்திமாவும். நீக்கவே கூடாத அந்த இருவரைச் சோதனைத் தரவில் வைத்திருந்ததால்தான் நமக்கு உண்மை தெரிந்தது. இவர்களை நான் காவல் வரிகள் என்று அழைக்கிறேன். ஒரு நீக்கச் சோதனையின் தரம் அதில் எத்தனை காவல் வரிகள் இருக்கின்றன, அவை எவ்வளவு நெருக்கமான சாயலில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. காலாவதி ஆக ஒரு நாள் மிச்சம் இருப்பவர், தேதியே இல்லாதவர், அபராதம் இருந்தும் நடப்பில் இருப்பவர்: களைக்கும் பயிருக்கும் நடுவே சாயலில் நிற்பவர்கள் இவர்கள்தாம்.

தேதியே இல்லாதவர் என்றேன். நல் என்பது எதற்கும் சமமும் இல்லை, சமமின்மையும் இல்லை. ஒரு பட்டியலில் இல்லாதவர்களை நாட் இன் போட்டு நீக்குகிறீர்கள் என்று வையுங்கள். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் ஒரு வரிகூட நீங்காது. பிழைச் செய்தியும் வராது. ஆகவே ஒவ்வொரு நிபந்தனைக்கும் வெறுமையான ஒரு வரியைச் சோதனைத் தரவில் வையுங்கள்.

அடுத்து, ஃபாரின் கீ. டேபிள்களுக்கு இடையே இந்தக் கட்டு இருந்தால், எண்ணைக் குறித்து நிற்கும் பிள்ளை வரி இருக்கும்போது, அந்த எண்ணுக்கு உரிய பெற்றோர் வரியை நீக்க டேட்டாபேஸ் விடாது. நல்ல காவல். ஆனால் பல டேபிள் டெலீட்டில் எந்த டேபிளை முதலில் தொடுவது என்பதை ஆப்டிமைசர் முடிவு செய்கிறது. அது பெற்றோர் டேபிளை முதலில் எடுத்துக்கொண்டால், கட்டளை தோற்று, செய்தது அத்தனையும் ரோல்பேக் ஆகிவிடும். சிறிய தரவில் ஓடிய கட்டளை பெரிய தரவில் தோற்கலாம், ஏனென்றால் தரவின் அளவு மாறினால் ஆப்டிமைசரின் முடிவும் மாறலாம். அதனால்தான் இன்னோடிபி என்ற எஞ்சினில் உள்ள டேபிள்களில் இப்படிப்பட்ட இடத்தில் பெற்றோர் டேபிளிலிருந்து மட்டும் நீக்கி, மற்றதை ஆன் டெலீட் கேஸ்கேடிடம் விடச் சொல்கிறது மைஎஸ்கியூஎல் கையேடு.

கேஸ்கேட் வந்துவிட்டதால் சோதனை குறைந்துவிடாது. அதன் வழியாகப் போகும் பிள்ளை வரிகள் திரையில் வரும் எண்ணிக்கையில் சேராது. ஒரு பெற்றோர் வரி போனது என்று காட்டும். பின்னால் ஆயிரம் வரிகள் போயிருக்கும். இன்னோடிபியில் கேஸ்கேட் வழியாகப் போகும் வரிகளுக்கு டிரிகர் ஓடுவதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். யார் எதை நீக்கினார் என்று டிரிகர் வைத்துக் குறிக்கும் தணிக்கைப் பதிவேடு உங்களிடம் இருந்தால், அதில் இந்த வரிகளின் தடமே இருக்காது. கட்டு தடையாக இருக்கிறதென்று ஃபாரின் கீ சோதிப்பைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு வேலையை முடிப்பவர்களும் உண்டு. மறுபடி போட்டவுடன் பழைய வரிகளை டேட்டாபேஸ் திரும்பிப் பார்க்காது. இடையில் உண்டான அநாதைகள் உள்ளேயே இருக்கும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வேகத்துக்காகச் சோதனையை எஸ்கியூலைட்டில் ஓட்டிவிட்டு, புரொடக்‌ஷனில் வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பார்கள். எஸ்கியூலைட் 2009-இல் வந்த 3.6.19 பதிப்பிலிருந்து ஃபாரின் கீயை நடைமுறைப்படுத்துகிறது. ஆனால் வழக்கமாக அது அணைந்தே இருக்கும்; ஒவ்வொரு இணைப்பிலும் நாம் போட வேண்டும். போட மறந்த சோதனையில் பெற்றோர் வரி தடையின்றிப் போய்விடும், சோதனையும் பச்சை விளக்குக் காட்டும். நீக்கத்தை மட்டுமாவது, புரொடக்‌ஷனில் உள்ள அதே டேட்டாபேஸில், அதே பதிப்பில் சோதியுங்கள்.

நீக்கம் பாதியில் நின்றால்? அதையும் நாமே வரவழைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது டேபிளில் நீக்க மறுக்கும் ஒரு தடையை வேண்டுமென்றே வையுங்கள். கட்டளை தோற்றபின் முதல் இரண்டு டேபிள்களும் பழைய எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2010-இல் வந்த 5.5 பதிப்பு முதல் மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபிதான் வழக்கமான எஞ்சின். அதில் டிரான்சாக்‌ஷன் உண்டு. அதற்கு முன்பிருந்த மைஐசாம் டேபிள்களில் ரோல்பேக் கிடையாது, போனது போனதுதான். பழைய அமைப்புகளில் இரண்டும் கலந்து கிடக்கும். எந்த டேபிள் எந்த எஞ்சினில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ரோல்பேக்கை நம்ப வேண்டும். அதன்பின் தடையை எடுத்துவிட்டு, கட்டளை முழுமையாக ஓடி முடிந்ததும், அதையே இரண்டாம் முறை ஓட்டுங்கள். பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் உங்கள் நிபந்தனையில் ஏதோ தவறு இருக்கிறது.

நண்பர்களே, இனி உலகம் அறிந்த ஒரு நிகழ்ச்சி. 2022 ஏப்ரல் 5 அன்று அட்லாசியன் நிறுவனத்தில் நடந்தது. ஜிரா, கான்ஃப்ளுவன்ஸ் ஆகிய மென்பொருள்களை நடத்தும் நிறுவனம் அது. நடந்ததை அந்த நிறுவனமே பிறகு விரிவாக எழுதி வெளியிட்டது. அந்த நேர்மைக்கு நம் துறை கடமைப்பட்டிருக்கிறது. பழைய துணைச் செயலி ஒன்றை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதப்பட்டது. கொடுக்க வேண்டியது அந்தச் செயலியின் எண்கள். கொடுக்கப்பட்டதோ செயலி இருந்த தளங்களின் எண்கள். நீக்கும் இடைமுகம் இரண்டு வகை எண்களையும் ஏற்றுக்கொள்ளும். எதை நீக்கப்போகிறாய் என்று திரும்பக் கேட்காது. 23 நிமிடங்களில் 883 தளங்கள் நீங்கின. 775 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்கு முழுவதும் திரும்பக் கிடைக்க 14 நாட்கள் வரை ஆயின. பேக்கப் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பினால், பாதிக்கப்படாத மற்றவர்கள் அதற்குப்பின் செய்த வேலை அழிந்துவிடும். ஆகவே நீங்கியவர்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து மீட்க வேண்டியிருந்தது.

இதில் நம்மைத் தொட வேண்டிய இடம் எது தெரியுமா? அந்த ஸ்கிரிப்டைச் சோதித்திருந்தார்கள். சோதனைக் களத்தில் ஓட்டினார்கள். ஆனால் அந்த எண்களே அங்கே இல்லாததால் தவறு தெரியவில்லை. பிறகு புரொடக்‌ஷனில் முதலில் 30 தளங்களுக்கு மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாக ஓடியது. அந்த 30-க்கும் கொடுத்தவை சரியான செயலி எண்கள். தவறான எண்கள் அடுத்த பட்டியலில்தான் வந்தன. ஸ்கிரிப்டைச் சோதித்தார்கள், அதற்குள் போகும் பட்டியல் சோதிக்கப்படவில்லை. கட்டளை சரியாக இருந்து தரவு தவறானாலும் பலன் ஒன்றுதான். நீக்குவதற்கு முன், அதே ஜாயினை, அதே நிபந்தனையை வைத்து டெலீட்டுக்குப் பதிலாக செலக்ட் ஓட்டி, வரும் பட்டியலை அந்தத் தரவை அறிந்த ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எனக்கு இது எங்கிருந்து பதிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவேட்டைச் சுத்தம் செய்யும் பணி என்னிடம் வந்தது. ஒருமுறைகூட வராதவர்களின் பெயர்களை நீக்க வேண்டும். நோயாளி டேபிளை வருகை டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய்து, வருகை இல்லாதவர்களை நீக்கினேன். சோதனையில் எல்லாம் சரி. ஆனால் பழைய வருகைகளை ஆண்டுதோறும் வேறொரு டேபிளுக்கு மாற்றிவைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. சோதனைத் தரவில் அந்த டேபிள் காலியாக இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு முதிய அம்மா, ஓரம் மடங்கிய பழைய அட்டையோடு கவுன்டரில் நின்றார். கணினியில் பெயர் இல்லை என்று சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்து, “பதினஞ்சு வருஷமா இங்கதான் தம்பி வர்றேன். என் பேரு எப்படி இல்லாமப் போகும்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அட்டையை என் கையில் கொடுத்தார், நான் தேடித் தருவேன் என்ற நம்பிக்கையோடு. பேக்கப்பிலிருந்து அன்று மாலைக்குள் எல்லாப் பெயர்களையும் மீட்டோம். ஆனால் அன்று காலை அவருடைய மருந்துக் குறிப்பைப் பார்க்காமலேயே மருத்துவர் அவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு டேபிளில் இல்லை என்பதை ஆதாரமாகக் கொண்டு இன்னொரு டேபிளில் நீக்குவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை என்று அன்று கற்றேன். இல்லை என்று தோன்றுவது, நாம் பார்க்காத இடத்தில் இருக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தன் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை இன்று மக்களுக்கு இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் 17-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலும் அழிக்கக் கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஒருவர் விலகிய பிறகும் ஏதோ ஒரு டேபிளில் அவருடைய அபராதமோ நோயோ முகவரியோ கிடந்தால், நாம் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறியவர்கள் ஆவோம். ஆகவே அநாதை வரிகளைத் தேடும் கேள்வி ஒவ்வொரு நீக்கச் சோதனையிலும் கடைசியாக ஓட வேண்டும். போக வேண்டியவர் முழுமையாகப் போக வேண்டும். இருக்க வேண்டியவர் முழுமையாக இருக்க வேண்டும்.

இன்று மாலை ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் மூன்று டேபிள் போட்டு, நான் சொன்ன ஐந்து பேரை உள்ளே வையுங்கள். 12 வரிகள்தான், பத்து நிமிட வேலை. இன்னர் ஜாயினில் 3 போவதையும், இடம் மாறிய நிபந்தனையில் 9 போவதையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிறகு 7 மட்டும் போகும்படி நீங்களே எழுதுங்கள்.

மருத்துவமனையில் அந்த அம்மாவைப் பார்த்த அன்று தொடங்கி நான் எழுதும் எந்த நீக்கச் சோதனையிலும் முதலில் சேர்க்கும் வரி, நீங்கக் கூடாத ஒருவருடையது. பழைய டேபிளில் மட்டுமே தடம் உள்ள, பதினைந்து ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஒரு முதியவருடைய வரி. கட்டளை ஓடி முடிந்ததும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். அது இருந்த இடத்திலேயே இருந்தால்தான் மற்ற எண்ணிக்கைகளைப் பார்ப்பேன்.